படித்தால்தான் பிழைக்கலாம்



கணினி விளையாட்டு என்றாலே படிப்பைக் கெடுப்பது என்று நம்மில் பலர் முடிவு கட்டிவிடுகிறோம். அம்முடிவைச் சற்றே தள்ளிவைக்கத் தூண்டும் பழைய விளையாட்டு ஒன்று உண்டு. பிரான்சின் இன்ஃபோகிராம்ஸ் நிறுவனம் 1992-இல் வெளியிட்ட 'அலோன் இன் தி டார்க்' என்பதே அது. ஃபிரெடெரிக் ரேனால் என்பவர் அதன் படைப்பாளி. அமெரிக்க எழுத்தாளர் எச். பி. லவ்கிராஃப்ட் (1890–1937) எழுதிய திகில் கதைகளின் சாயல் அதில் அடர்ந்திருக்கிறது. பேரண்டத்தின் முன் மனிதன் மிகச் சிறியவன். அவன் தாங்க இயலாத உண்மைகளும் உண்டு என்பதே அக்கதைகளின் அடிநாதம்.

1920-களில் லூசியானா மாநிலத்தில் டெர்செட்டோ எனும் பழைய மாளிகை. அதன் உரிமையாளர் தற்கொலை செய்துகொண்டார். காரணம் அறியச் சென்ற நாம் பரணில் நிற்கிறோம். சற்று நேரத்தில் சன்னலை உடைத்துக்கொண்டு கொடிய உருவம் ஒன்று பாய்கிறது. முன்கூட்டியே அலமாரியை நகர்த்திச் சன்னலை அடைத்திருந்தால் தப்பலாம். அஞ்சி வாசற்கதவைத் திறந்தாலோ, அங்கேயே ஆட்டம் முடிந்தது.

என் கருத்தைக் கவர்ந்தவை மாளிகையெங்கும் கிடக்கும் கடிதங்களும் நூல்களுமே. வீட்டின் அடியில் பதுங்கியுள்ள தீமை யாது, அதை அழிப்பது எவ்வாறு என்பதை அவற்றைப் படித்தே அறிய வேண்டும். தீய நூலொன்றைத் தகாத இடத்தில் திறந்தால் படிப்பவர் மாண்டுபோவார். ஆகவே, படிக்கவும் வேண்டும். எதைப் படிப்பது என்ற தெளிவும் வேண்டும்.

நம் வகுப்பறையைப் பாருங்கள். கருத்துணர்தல் பகுதியைக் கொடுத்தால், கேள்வியிலுள்ள சொல்லைத் தேடி, அது வரும் வரியை அப்படியே எழுதிவிடும் மாணவர் பலர். பொருளை உணர வேண்டிய தேவை அவர்களுக்கு எழவில்லை. அத்தேவையை இவ்விளையாட்டு உண்டாக்குகிறது. படித்ததைக் கொண்டு ஒன்றைச் செய்தாக வேண்டும் என்றால் பிள்ளைகள் ஊன்றிப் படிப்பர் என்பது என் துணிபு. ஒரு கடிதத்தைப் படித்து, வகுப்பில் ஒளித்துவைத்த பொருளைக் கண்டுபிடிக்கச் சொல்வதற்குக் கணினிகூடத் தேவையில்லை.

தற்கொலையும் கொடூரமும் இடம்பெறுவதால் இவ்விளையாட்டு தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏற்றதன்று. பதின்ம வயதினர் இத்தகையவற்றை விளையாடினால் பெற்றோர் அருகமர்ந்து பார்ப்பது நன்று. "எவ்வளவு நேரம் விளையாடினாய்?" என்பதோடு, "அதில் என்ன படித்தாய்?" என்றும் கேட்டுப் பாருங்கள்.