காளி கேட்ட கேள்வி

பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ குறித்து எழுதப்பட்டவற்றையெல்லாம் திரட்டினால் நாவலைப் போலப் பல மடங்கு பக்கங்கள் தேறும். அவற்றில் பெரும்பகுதி திருச்செங்கோட்டுத் தேர்த் திருவிழாவின் பதினான்காம் நாள் இரவைப் பற்றியது. 2010இல் வெளிவந்த நாவல் நான்கு ஆண்டுகள் சலனமின்றி வாசிக்கப்பட்டது. 2014 டிசம்பரில் எதிர்ப்பு எழுந்தது. 2015 ஜனவரியில் நாமக்கல்லில் ‘அமைதிப் பேச்சுவார்த்தை’ நடந்து எழுத்தாளர் கையெழுத்திட நேர்ந்தது (பேச்சுவார்த்தை என்ற சொல்லுக்கு அதைவிடப் பெரிய அவமதிப்பு இருக்க முடியாது). 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் எழுத்தாளருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. இவையெல்லாம் நாம் அறிந்தவை. இந்த அமளியில் அந்த ஓர் இரவே நாவல் என்றாகிவிட்டது. என் வாசிப்பில் நாவலின் மையம் அந்த இரவன்று. அதற்கு வெகுமுன்னர் கணவனும் மனைவியும் தனித்திருக்கையில் நிகழும், சில வரிகளில் முடிந்துபோகும் ஒரு கேள்வியும் பதிலும்தான்.

திருமணமாகிப் பன்னிரண்டு ஆண்டுகளாகியும் காளிக்கும் பொன்னாவுக்கும் பிள்ளையில்லை. திருவிழா இரவில் முகமறியாத ஒருவனைச் சாமியாகக் கருதிக் கூடிப் பிள்ளை பெற்றுவரும் வழக்கம் நாவலின் உலகில் உண்டு. பெரியவர்கள் அந்த யோசனையை முன்வைக்கிறார்கள். காளி மனைவியிடம் கேட்கிறான், போவாயா என்று. நீ சொன்னால் போகிறேன் என்னும் பொருளில் அவள் பதில் சொல்கிறாள். அவன் உடைந்துபோகிறான்.

அவன் கேட்டது கேள்வியே அன்று. ‘மாட்டேன்’ என்ற ஒரு சொல்லுக்காக நீட்டப்பட்ட கை அது. அதை வெளிப்படையாகச் சொல்ல அவனால் இயலவில்லை. அவள் தந்ததும் பதிலன்று. முடிவை அவனிடமே திருப்பித் தருகிறாள்; உன் விருப்பமே என் விருப்பம் என்று காட்டத்தான் அப்படிச் சொல்கிறாள். நல்ல மனைவி அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று ஊர் அவளுக்குக் கற்பித்திருந்தது. அந்த ஊர்க் கல்வியை அவளுடைய ஆசையாக அவன் வாசித்துவிடுகிறான். அவன் முகம் வாடியதைக் கண்டவள் ஏன் என்று குடைந்து கேட்பதில்லை, அவனும் சொல்வதில்லை. சொல்லப்படாமல் விட்ட அந்த இடத்தில்தான் மைத்துனன் முத்து நுழைகிறான். மாப்பிள்ளை சம்மதித்துவிட்டார் என்று அவன் தங்கையிடம் சொல்லும் பொய் எடுபடுவதற்குக் காரணம், உண்மை எதுவென்று அவ்விருவருக்குள் ஒருநாளும் பேசித் தீர்க்கப்படவில்லை என்பதே.

இவர்களை அன்பற்ற தம்பதி என்று சொல்லிவிட முடியாது. பன்னிரண்டு ஆண்டுகளாகியும் உடல் வேட்கை தணியாத இணை. இரண்டாம் திருமணப் பேச்சு வந்தபோதும் காளி அதற்கு இணங்கவில்லை. அந்த நெருக்கமே அவர்களை ஏமாற்றிவிடுகிறது என்று நினைக்கிறேன். உடல் இவ்வளவு பேசும்போது வாய் பேசாதிருப்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. உமையைப் பாதியாகக் கொண்டவனின் மலையடியில், பாதி பாதியாக ஒட்டியிருந்தும் மற்றப் பாதியின் மனம் அறியாத இருவரை முருகன் நிறுத்தியிருக்கிறார்.

நம் மரபு குறிப்பால் உணர்தலைப் பெரிதும் போற்றுகிறது. திருக்குறளில் குறிப்பறிதல் என்னும் அதிகாரம் இருமுறை வருகிறது. பொருட்பாலில் 71ஆவது, காமத்துப்பாலில் 110ஆவது. அமைச்சனுக்கும் காதலர்க்கும் ஒரே தலைப்பு. அரசனின் முகக்குறிப்பைத் தவறாகப் படித்த அமைச்சன் பதவியை இழப்பான். காளியும் பொன்னாவும் இழந்தது எவ்வளவு பெரிது! குறிப்பு என்பது இருவரும் ஒரே அகராதியை வைத்திருக்கும்வரைதான் மொழி. குழந்தையின்மை என்னும் ஊர்ப்பழி இவர்கள் அகராதியைக் கிழித்துவிட்டது. அவளுக்கு அது மலடி என்ற பட்டம். அவனுக்கு ஆண்மை குறித்த ஏளனம். ஒரே துயரம், இரண்டு காயங்கள். தன் காயத்தை வைத்தே மற்றவர் காயத்தை ஒவ்வொருவரும் அளக்கிறார்கள்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் காலத்துக் கதை என்று தள்ளிவிட முடியவில்லை. சேலத்திலும் ஈரோட்டிலும் கருத்தரிப்பு மையங்களின் விளம்பரப் பலகைகள் பெருகிய காலம் இது. 2021ஆம் ஆண்டின் இனப்பெருக்கத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டம் எழுத்துமூலமான ஒப்புதலைக் கட்டாயமாக்கியிருக்கிறது. வேண்டிய சட்டம்தான். ஆனால் ‘நீ சொன்னால் சரி’ என்னும் பொன்னாவின் பதிலை எந்தப் படிவமும் சம்மதமாகவே பதிந்துகொள்ளும். பிறன் விந்தணுவுக்குத் தலையசைத்துக் கையெழுத்திடும் கணவன் வீடு திரும்பும் வழியில் எதை விழுங்குகிறான், அருகில் அமர்ந்திருப்பவள் எதைக் கேட்க அஞ்சுகிறாள் என்பதற்குப் படிவத்தில் கட்டமில்லை. உடன்வந்த மாமியாரோ அண்ணனோ இருவருக்காகவும் பேசிவிடுவதும் நடக்கிறது. முத்துவின் பொய்யைப் போல, நல்லெண்ணத்தோடுதான்.

நாவலின் முடிவிலிருந்து முருகன் 2014இல் இரண்டு தொடர்ச்சிகளை எழுதினார். ‘ஆலவாயன்’ நாவலில் காளி இறந்துவிடுகிறான். ‘அர்த்தநாரி’யில் உயிரோடிருக்கிறான், மனைவியிடம் பேசாமல் அவளைத் தண்டித்துக்கொண்டு. முதலாவதே பெருந்துயரம் என்பார் பலர். எனக்கு இரண்டாவதுதான் தாங்க முடியாததாக இருந்தது. சாவுக்கு ஊரே கூடி ஒப்பாரி வைத்து ஆற்றுப்படுத்திவிடும். எதிரில் உட்கார்ந்து அவள் போட்ட சோற்றைத் தின்றுகொண்டே பேசாமலிருப்பவனை வைத்துக்கொண்டு பொன்னா யாரிடம் போய் அழுவாள்?