நட்டால் போதுமா?

திருவண்ணாமலையில் ரமணாசிரமத்திற்குப் பின்னே உயர்ந்து நிற்கும் மலை ஒரு காலத்தில் பெரும்பாலும் மொட்டையாய்க் கிடந்தது. விறகு வெட்டுதலும் மேய்ச்சலும் தீயும் காட்டைத் தின்றுவிட்டன. 1980களின் இறுதி முதல் தன்னார்வலர் அங்கே மரம் வளர்த்து வருகின்றனர். இன்று ‘ஃபாரஸ்ட் வே’ அறக்கட்டளையினர் அருகிவரும் நாட்டு மரங்களின் விதைகளைத் திரட்டி, நாற்றாக்கி, மழைக்காலத்தில் நடுகின்றனர்.

ஆயினும் அவர்தம் பெரும்பாடு கோடையில்தான். காய்ந்த புல்லில் ஒரு பொறி விழுந்தால் பல்லாண்டு உழைப்பு சாம்பலாகும். எனவே புல்லை அகற்றித் தீத்தடுப்புக் கோடுகள் அமைக்கின்றனர். புகை கண்டால் மலையேறி அணைக்கின்றனர்.

ஏதேன் தோட்டத்தை ஆண்டவர் மனிதனிடம் ஒப்படைத்தது பண்படுத்த மட்டுமன்று, காக்கவுமே. திருமுழுக்கு ஒரு நாளில் முடிகிறது. குழந்தையின் விசுவாசத்தைக் காப்பதோ பெற்றோர்க்கும் ஞானப்பெற்றோர்க்கும் பல்லாண்டுக் கடமை. நட்ட நாளைக் கொண்டாடும் நாம், காவலிருந்த நாள்களை எண்ணிப் பார்ப்போமா?