சிவகாசியில் காப்பீடு யாருக்கு?

நம்மில் பலருக்குச் சிவகாசி முதலில் நாட்காட்டியாகவும் நோட்டுப்புத்தக அட்டையாகவும்தான் அறிமுகமாயிற்று. பட்டாசு ஆண்டுக்கு ஒருமுறை. ஐப்பசி கழிந்ததும் அவ்வூரை மறந்துவிடுவது நமக்கு எளிது. ஆயினும் மருத்துவக் காப்பீடு என்ற பேச்சு எழும்போதெல்லாம் சிவகாசியை நினைக்காமல் இருக்க இயலவில்லை. அந்த உறவு பழையது.

1990 அக்டோபர் 31 அன்று, எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. சிவகாசித் தீப்பெட்டி ஆலைகளில் பணிபுரிவோர், சிறுவராயினும் பெரியவராயினும், ஒவ்வொருவரும் 50,000 ரூபாய்க்குக் காப்பீடு செய்யப்பட வேண்டும். அதற்கான தவணைத்தொகையை உரிமையாளரே செலுத்த வேண்டும் என்றது அத்தீர்ப்பு. குழந்தைத் தொழிலாளர் பற்றிய வழக்கு என்றே அதை நினைவில் வைத்திருக்கிறோம். பெரியவர்களின் காப்பீடு பற்றிய அந்த வரி நம் கவனத்திலிருந்து நழுவிவிட்டது.

பின்னர் அரசின் திட்டங்கள் வந்தன. 2009 சூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம், 2012 சனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், 2018இல் மத்திய அரசுத் திட்டத்துடன் இணைப்பு. நான்காண்டுகளுக்கு 1 லட்சம் என்று தொடங்கிய வரம்பு ஆண்டுக்கு 5 லட்சம் என்று வளர்ந்தது. இதைச் சிறுமைப்படுத்துவது நம் நோக்கமன்று. தனியார் மருத்துவமனையின் வாசலையே மிதித்திராத குடும்பங்கள் அறுவை சிகிச்சை முடிந்து நடந்து வந்ததை நாம் அறிவோம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 2009இல் தகுதிக்கு வைத்த குடும்ப வருமான வரம்பு ஆண்டுக்கு 72,000 ரூபாய். அது 1,20,000 ஆக உயர்ந்தது 2022 சனவரியில்தான். இடையில் பன்னிரண்டு ஆண்டுகள், அரிசி விலையும் கூலியும் எங்கோ போய்விட்டன. இன்றும் நாள் கூலி 400 ரூபாய் வீதம் மாதம் 25 நாள் ஒருவர் வேலை செய்தால் ஆண்டு வருமானம் சரியாக 1,20,000. கணவனும் மனைவியும் ஆலைக்குப் போனால் வரம்பு உடைந்துவிடுகிறது. உண்மை வருமானத்தைச் சொல்பவர் அட்டையை இழக்கிறார். ஒரு நலத்திட்டம் மனிதரைப் பொய் சொல்லப் பழக்குவது நல்லதன்று என்று மட்டும் சொல்லி மேலே செல்கிறோம்.

இவர்களுக்கென்றே 1948 முதல் வேறொரு சட்டம் இருக்கிறதே என்று கேட்கலாம். ஈ.எஸ்.ஐ.யைத்தான் சொல்கிறோம். சிவகாசியில் அதற்கென்று மருத்துவமனையே உண்டு. அதன் அருமையை வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பெண்மணி நமக்கு விளங்க வைத்தார். எட்டாண்டு ஓர் ஆலையில் பதிவேட்டில் இருந்தவர். அந்த ஆலை மூடியபின், கூடுதல் உருப்படிக்கூலி என்று இன்னோர் ஆலையில் உள்குத்தகைக்கு விடப்பட்ட அறை ஒன்றுக்குப் போனார். அங்கே பதிவேடு இல்லை. கை வெந்தது. அரசு மருத்துவமனை குறையில்லாமல் பார்த்தது. "ஆஸ்பத்திரியில காசு கேக்கல அண்ணாச்சி. வீட்டுல மூணு மாசம் யாரு கூலி கொடுப்பா?" என்றார். ஈ.எஸ்.ஐ.யில் இருந்திருந்தால், வேலையில் நேர்ந்த காயத்திற்குச் சம்பளத்தில் 90 விழுக்காடு அளவுக்கு உதவித்தொகை வந்திருக்கும். சேர்ந்த முதல் நாளே விபத்து நேர்ந்தாலும் வரும். காப்பீட்டு அட்டை மருத்துவமனைக் கணக்கை மட்டுமே தீர்க்கும். மூன்று மாதங்களை அவர் முன்பணம் வாங்கிக் கடத்தினார். அந்த முன்பணத்தைக் கழிக்க மறுபடி அதே அறைக்கே போனார்.

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 2008இல் குலுக்கல் முறையில் ஏழைப் பெரியவர்களுக்கு அரசுக் காப்பீடு வழங்கியது. ஏறத்தாழ ஈராண்டுகளுக்குப் பின் ஆராய்ந்தவர்கள், இரத்த அழுத்தத்தில் குறிப்பிடத்தக்க மாற்றத்தைக் காணவில்லை. ஆனால் மருத்துவச் செலவின் நெருக்கடியும் மனச்சோர்வும் குறைந்திருந்தன. காப்பீடு முதலில் காப்பது கடனிலிருந்துதான் என்றால், முன்பணத்தில் கட்டுண்ட ஒரு தொழிலில் அது எவ்வளவு பெரிய விஷயம்!

உள்குத்தகை என்பது சட்டவிரோதம். உரிமம் ஒருவர் பெயரில் இருக்க, அறைகள் வேறொருவர் கையில். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் ஏறத்தாழ 40 பேர் மாண்டபோது இது பேசப்பட்டது. 2021 பிப்ரவரியில் அச்சன்குளத்தில் இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டபோதும் பேசப்பட்டது. முதலிப்பட்டியில் இறந்தவர்களில் பலர் ஆலைத் தொழிலாளரே அல்லர். உதவிக்கு ஓடியவர்கள், என்னவென்று பார்க்கப் போனவர்கள். எந்தப் பதிவேட்டிலும் அவர்களுக்கு இடமில்லை. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டம் சாலை விபத்தில் சிக்கியவரிடம் அட்டை இருக்கிறதா என்று கேட்பதில்லை; முதல் 48 மணி நேரச் சிகிச்சையைத் தனியார் மருத்துவமனையிலும் அரசே ஏற்கிறது. அதே வழக்கத்தை வெடிவிபத்துக்கும் நீட்டினால் என்ன?

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், மத்திய அரசு அறிவிக்கும் ஆபத்தான தொழில்களில் ஒரே ஒரு தொழிலாளி இருந்தாலும் ஈ.எஸ்.ஐ. உண்டு என்கிறது. வரவேற்கிறோம். எனினும் பெரும்பாலான பட்டாசு ஆலைகளில் பத்துப் பேர் இல்லாமை ஒருபோதும் சிக்கலாக இருந்ததில்லை. இருப்பவர் எழுதப்படாமைதான் சிக்கல். குத்தகைக்காரரின் ஆட்களுக்கும் முதன்மை உரிமையாளரே பொறுப்பு என்பது 1948ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே எழுதப்பட்டிருந்தது. அறையில் எத்தனை கிலோ மருந்து, எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்கும் ஆய்வாளர், அந்தப் பேர்களுக்குச் சந்தா கட்டப்பட்டிருக்கிறதா என்றும் பார்த்து, இல்லையேல் உரிமத்தை நிறுத்த வேண்டும் என்பதே நம் கருத்து.

தொழிலாளர்களே பிடித்தம் வேண்டாம் என்கிறார்கள் என்று ஆலைத் தரப்பில் சொல்வதுண்டு. ஓரளவு உண்மையும்கூட. 2019 சூலையில் சந்தா விகிதம் குறைக்கப்பட்டது. அதன்படி 400 ரூபாய்க் கூலியில் தொழிலாளியிடம் பிடிக்க வேண்டியது 3 ரூபாய். உரிமையாளர் தம் பங்காகச் செலுத்த வேண்டியது 13 ரூபாய்.