திடீரென்று படுத்துவிட்ட குட்டி

லாமா என்றவுடன் நம்மில் பலருக்குத் திபெத்தும் தலாய் லாமாவும்தான் நினைவுக்கு வரும். நான் சொல்ல வந்தது வேறு லாமா. தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைகளில் வாழும், ஒட்டகத்துக்குத் தூரத்துச் சொந்தமான விலங்கு. திமில் கிடையாது. நீண்ட கழுத்தும், எதையோ யோசித்துக்கொண்டே இருப்பது போன்ற முகமும் உண்டு. அதைவிடச் சிறியது அல்பாகா, கம்பளிக்குப் பேர்போனது. இரண்டின் குட்டியையும் ஸ்பானிய மொழியில் 'க்ரியா' என்பார்கள். கால்நடை மருத்துவம் படிக்கும் நண்பனிடம் கடன் வாங்கிய புத்தகத்தில், க்ரியாவுக்கான அவசர சிகிச்சை பற்றி ஓர் அத்தியாயம் இருந்தது. (பரீட்சைக்குப் படிக்க வேண்டியதை விட்டுவிட்டு இதையா படித்தாய் என்று கேட்காதீர்கள்!) படித்து முடித்ததிலிருந்து 'திடீர்' என்ற சொல்லோடு எனக்குச் சண்டை.

காலையில் துள்ளிக்கொண்டிருந்த குட்டி, மாலையில் கழுத்தைத் தரையில் போட்டுக் கிடக்கிறது. "திடீரென்று படுத்துவிட்டது" என்பார்கள் வளர்ப்பவர்கள். அமெரிக்கப் பண்ணையானாலும் சரி, பெருவின் மலை மேய்ச்சல் நிலமானாலும் சரி, இதே பேச்சுதான். பெரும்பாலும் அது திடீர் அல்ல என்பது என் கட்சி. இரையாகும் இனங்கள் பலவீனத்தை வெளியே காட்டிக்கொள்வதில்லை. இனி மறைக்க முடியாது என்ற நிலையில்தான் படுக்கின்றன. நாம் பார்ப்பது கதையின் கடைசிப் பக்கத்தை.

முதல் பக்கம் பிறந்த அன்று தொடங்குகிறது. பசு கன்றை நக்கிக் காய வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். லாமாவும் அல்பாகாவும் அப்படிச் செய்வதில்லை. அவற்றின் நாக்கு அவ்வளவு வெளியே நீளாது. குட்டியை வெயிலும் காற்றும்தான் உலர்த்த வேண்டும். அதனால்தானோ என்னவோ, இவை பெரும்பாலும் காலையிலிருந்து பிற்பகலுக்குள் ஈன்றுவிடுகின்றன. 4,000 மீட்டர் உயரத்தில், மழைக்காலத்தில்கூட இரவு உறைபனி விழும் இடத்தில், ஈரத்தோடு இருட்டைச் சந்திக்கும் குட்டிக்கு விடிவது சந்தேகம்தான்.

அடுத்தது சீம்பால். நமக்குச் சீம்பால் என்றால் வெல்லம் போட்டு, ஏலக்காய் தட்டிக் காய்ச்சும் பலகாரம். க்ரியாவுக்கு அது உயிர். மனிதக் குழந்தைக்குக் கருவிலேயே தாயின் நோய் எதிர்ப்புப் புரதங்கள் ஓரளவு வந்து சேர்ந்துவிடும். இந்த இனத்தில் நஞ்சுக்கொடி வழியாக அவை வருவதில்லை. குட்டி ஏறக்குறைய வெறுங்கையோடு பிறக்கிறது. சீம்பாலில் உள்ள அந்தப் புரதங்களை அதன் குடல் அப்படியே உள்வாங்கிக்கொள்ளும், ஆனால் முதல் சில மணி நேரம்தான் நன்றாக. சுமார் 24 மணி நேரத்தில் கதவு சாத்தப்பட்டுவிடும். எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 7 கிலோ குட்டிக்கு 700 மில்லி, முதல் நாளுக்குள் பல தவணையாக உள்ளே போயிருக்க வேண்டும். தாயிடம் இல்லாவிட்டால் ஆட்டுச் சீம்பாலோ மாட்டுச் சீம்பாலோ கொடுக்கலாம்.

இது தவறிய குட்டி அன்றே சாகாது. இரண்டு மூன்று நாள் ஓடியாடும். பிறகு தொப்புள் வழியாகவோ வாய் வழியாகவோ புகுந்த கிருமி ரத்தத்தில் பரவி ஐந்தாம் நாள் படுக்கும். எல்லோரும் ஐந்தாம் நாளைப் பார்த்து "திடீர்" என்கிறோம்!

இடைப்பட்ட நாட்களில் யாராவது ஒரு தராசை வைத்துத் தினமும் ஒரே நேரத்தில் எடை பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். முதல் நாள் கொஞ்சம் குறையலாம். அதற்குப் பிறகும் ஏறாமல் நின்றால் ஏதோ சரியில்லை. மடிக்கு அடியில் முட்டிக்கொண்டே இருக்கும் குட்டி நன்றாகக் குடிக்கிறது என்று நாம் மகிழ்வோம். பால் வராததால்கூட அது முட்டிக்கொண்டிருக்கலாம். கண்ணை நம்ப முடியாது, தராசை நம்பலாம்.

சரி, குட்டி படுத்தே விட்டது. என்ன செய்வது? இங்கேதான் அன்பு ஆபத்தாகிறது. பார்த்தவுடன் எல்லோருக்கும் தோன்றுவது வாயைத் திறந்து பாலை ஊற்றுவது. உடல் சில்லிட்ட குட்டியின் குடல் வேலை செய்யாது. விழுங்கும் தெம்பும் இருக்காது. ஊற்றிய பால் நுரையீரலுக்குப் போகும். முதலில் தெர்மாமீட்டர். நல்ல குட்டிக்கு 38 முதல் 39 டிகிரி செல்சியஸ் இருக்கும். 37-க்குக் கீழே என்றால் முதல் வேலை சூடேற்றுவது: துடைத்து, போர்வை சுற்றி, வெந்நீர் புட்டிகளைத் துணியில் பொதிந்து பக்கத்தில் வைத்து. பிறகு கால்களை மடக்கி நெஞ்சின் மேல் உட்கார வைத்து, உறிஞ்சும் தெம்பு திரும்பிவிட்டதா என்று பார்த்துப் பால். கூடவே மருத்துவருக்குத் தகவல்.

சர்க்கரைத் தண்ணீர் விஷயத்திலும் எனக்கு ஒரு ஆட்சேபம் உண்டு. சோர்ந்த உயிருக்கு குளுக்கோஸ் என்பது நமக்கு அனிச்சைச் செயல் மாதிரி. லாமா இனத்தில் இன்சுலினின் வேலை மற்ற பல விலங்குகளைவிடப் பலவீனம். நோயின் அழுத்தத்தில் இருக்கும் குட்டிக்கு ரத்தச் சர்க்கரை ஏற்கெனவே ஏறியிருக்கலாம். அதற்கு மேலும் ஊற்றினால் சர்க்கரை சிறுநீரில் வெளியேறும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். உப்பின் அடர்த்தி ஏறி மூளை வரை பாதிக்கும். சர்க்கரை உண்மையிலேயே குறைந்த குட்டிகளும் உண்டு, அவற்றுக்குக் கொடுத்தே ஆக வேண்டும். எது என்று தெரிய ஒரு சொட்டு ரத்தமும், நீரிழிவுக்காரர்கள் வீட்டில் வைத்திருக்கும் சின்னக் கருவியும் போதும்.

அமெரிக்காவில் சீம்பால் தவறிய குட்டிக்கு, வளர்ந்த விலங்கின் ரத்தத்திலிருந்து பிரித்து உறையவைத்த பிளாஸ்மாவை நரம்பில் ஏற்றுகிறார்கள். அருமையான வைத்தியம், மறுக்கவில்லை. ஆனால் உலகின் அல்பாகாக்களில் மிகப் பெரும்பகுதி இருப்பது பெருவில். 2012 கணக்கெடுப்பில் அங்கே 36 லட்சத்துக்கும் மேல். அதிலும் புனோ மாநிலத்தில்தான் மிக அதிகம். அந்த மேய்ச்சல் நிலத்தில் பிளாஸ்மாவுக்கு ஃப்ரீசர் எங்கே? மருத்துவர் வந்து சேரவே ஒரு பகல் போய்விடும். அங்கே முதல் மருத்துவர் மேய்ப்பவர்தான்.

என் கட்சிக்கு எதிரான சாட்சி ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். நம்மூர் ஆடுகளுக்கு வரும் துள்ளுமாரி தெரியும் அல்லவா? அதே கிருமிக் குடும்பத்தின் 'ஏ' வகை, சில வாரமே ஆன அல்பாகா குட்டிகளைத் தாக்குகிறது. நன்றாகப் பால் குடித்த கொழுகொழு குட்டிகூடச் சில மணி நேரத்தில் போய்விடும். மோசமான ஆண்டுகளில் ஒரு மந்தையின் குட்டிகளில் பாதியே போனதுண்டு. இது நிஜமாகவே திடீர்தான். படுத்த பிறகு செய்வதற்கு அநேகமாக ஒன்றுமில்லை. ஆனால் இதற்கும் வழி முன்னாலேயே இருக்கிறது. குட்டி ஈனும் டிசம்பர் முதல் மார்ச் வரை அங்கே மழை. ஒரே பட்டியில் இரவுதோறும் அடைத்தால் சாணமும் சேறும் கலந்த தரையில் கிருமி பெருகும். நம்மூர்க் கிடைக்காரர்கள் வயலுக்கு வயல் கிடையை மாற்றுவது எருவுக்காக. அங்கே மாற்றுவது குட்டிகளின் உயிருக்காக.

2016 ஜூலையில் கடுங்குளிரில் தென் பெருவில் பல்லாயிரக்கணக்கான அல்பாகாக்கள் மடிந்தன. அரசு நெருக்கடி நிலை அறிவித்தது. தீவனமும் மருந்தும் ஏற்றிய லாரிகள் போவதைக் குறை சொல்லவில்லை. ஆனால் குளிரில் செத்த பின் வரும் மருந்துப் பெட்டியைவிட, நவம்பரில் வரும் தெர்மாமீட்டரும், தொங்கு தராசும், சீம்பால் புகட்டும் குழாயும், அதைப் பயன்படுத்தச் சொல்லிக்கொடுக்க ஓர் ஆளும் அதிகக் குட்டிகளைக் காப்பாற்றும் என்றே நினைக்கிறேன்.

"மலையில் இருப்பவர்களுக்கு இதெல்லாம் பார்க்க வருமா?" என்று நண்பன் கேட்டான். மந்தையில் ஒவ்வொரு விலங்கையும் தனித்தனியே அடையாளம் தெரிந்தவர்களுக்கு, கம்பளியின் ஒவ்வொரு நிறச்சாயலுக்கும் தனிச்சொல் வைத்திருப்பவர்களுக்கு, தெர்மாமீட்டரில் இரண்டு எண் படிப்பதா கஷ்டம்? கஷ்டம் வேறு இடத்தில். அங்கே மந்தையோடு நாளெல்லாம் இருப்பது பெரும்பாலும் பெண்களும் சிறுவர்களும். அவர்கள் பேசுவது கெச்சுவா அல்லது அய்மாரா. பயிற்சி ஸ்பானிய மொழியில், நகரத்து மண்டபத்தில், வீட்டு ஆண்களை மட்டும் கூப்பிட்டு நடந்தால், குட்டி படுக்கும் நேரத்தில் பக்கத்தில் நிற்கும் பாட்டிக்கு அதில் எது போய்ச் சேரும்?