பவளத்தின் மேல் நிற்கும் கால்கள்

புக்கிட் காத்திலில் வளரும் பிள்ளைகளுக்குக் கடல் புதிதன்று. காரில் ஏறினால் சிறிது நேரத்தில் மலாக்கா நீரிணையின் கரைக்குப் போய்விடலாம். ஆனால், அங்கே அவர்கள் காண்பது பெரும்பாலும் கலங்கிய நீர்தான். முழங்கால் அளவு நீரில் நின்றாலும் தம் பாதம் தமக்குத் தெரியாது. அதனால்தான் பள்ளி விடுமுறையில் மெர்சிங் வரை போய், அங்கிருந்து படகேறித் தியோமான் தீவை அடையும் குடும்பங்கள் தெளிந்த நீரைக் கண்டதும் வியந்து போகின்றன. படகிலிருந்து குனிந்து பார்த்தாலே பவளமும் அதனிடையே நீந்தும் வண்ண மீன்களும் தெரிகின்றன. அடுத்த அரைமணி நேரத்தில் அங்கு நடப்பதைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

படகுக்காரர் ஆளுக்கோர் உயிர்காப்பு அங்கியும் முகக்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் தருகிறார். “பவளத்தைத் தொடாதீர்கள்” என்று ஒருமுறை சொல்கிறார். எல்லாரும் தலையாட்டுகிறார்கள். நீரில் இறங்கிய சில நிமிடங்களில் ஒருவரின் குழாய்க்குள் உப்புநீர் புகுந்துவிடுகிறது, மூச்சு முட்டுகிறது. நீந்தத் தெரியாதவர் அந்த நேரத்தில் என்ன செய்வார்? கால் ஊன்ற இடம் தேடுவார். ஆழம் குறைந்த இடத்தில் காலுக்குக் கீழே இருப்பது பவளம். அவர் அதன்மேல் எழுந்து நிற்கிறார். உயிருக்குப் பயந்து செய்ததைக் குற்றம் என்று சொல்ல எவருக்கும் மனம் வராது. ஆனாலும், ஒடிந்த கிளை ஒடிந்ததுதான்.

தமிழில் இதற்குப் ‘பவளப்பாறை’ என்று பெயர் அமைந்ததும் ஒருவகையில் தொல்லையே. பாறை என்றால் மிதிக்கலாம், ஏறி நிற்கலாம் என்றே மனம் எண்ணுகிறது. உண்மையில், கல்லைப் போலத் தெரியும் அந்தச் சுண்ணாம்புக் கூட்டின் மேற்பரப்பில் மெல்லிய தோலாக உயிர் படர்ந்திருக்கிறது. ஆயிரக்கணக்கான சிறு விலங்குகள் ஒன்றோடொன்று ஒட்டி வாழும் குடியிருப்பு அது. அவற்றின் உடலுக்குள் நுண்ணிய பாசிகள் தங்கி, சூரிய ஒளியைக் கொண்டு உணவு செய்து, தங்க இடம் கொடுத்த விலங்குக்கும் பங்கு தருகின்றன. ஒரு விரல் உரசினாலும் அந்தத் தோலைக் காக்கும் வழுவழுப்பான படலம் கிழியலாம். நோய் புக அது போதும். மூளைப் பவளம் போன்ற உருண்டை வகைகள் ஓராண்டில் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டரே வளர்கின்றன. பானை அளவு வளர்ந்த ஒரு மூளைப் பவளம் அதன்மேல் நிற்பவரைவிட வயதில் மூத்ததாக இருக்கக்கூடும்.

தியோமானில் ஒரு கிளை ஒடிந்தால் மலாக்காவுக்கு என்ன என்று கேட்கலாம். மஸ்ஜித் தானாவுக்கு அருகில் பாடாங் கெமுந்திங்கில் ஆமைப் பாதுகாப்பு நிலையம் ஒன்று இருக்கிறது. மலாக்காக் கரைகளில் முட்டையிட வரும் அழுங்காமைகளைக் காப்பதே அதன் முதன்மையான வேலை. அந்த ஆமைகள் இரை தேடுவது பவளத்திட்டுகளில்தான். பவளங்களுக்கிடையே வளரும் கடற்பஞ்சுகளே அவற்றின் முக்கிய உணவு. முட்டையைக் கரையில் காத்துவிட்டு, உணவுக்களத்தைக் கடலில் மிதித்து அழித்தால் பாதி வேலைதான் நடந்திருக்கும்.

கடல்நீர் சூடாவதே பவளத்தின் பெரிய எதிரி, நான்கு சுற்றுப்பயணிகளின் கால் என்ன செய்துவிடும் என்பது பலரும் எழுப்பும் எதிர்வாதம். அதன் முற்பாதி உண்மை. வெப்பம் கூடும்போது பவளம் தன்னுள் வாழும் பாசிகளை வெளியேற்றி வெளிறிப் போகிறது; அந்நிலை நீடித்தால் பட்டினியால் மடிகிறது. 2010ஆம் ஆண்டு மலேசியக் கடல்களில் இப்படி நேர்ந்தபோது, தியோமான், ரெடாங் முதலிய தீவுகளைச் சுற்றியிருந்த சில முக்குளிப்பு இடங்களை அரசு சில மாதங்களுக்கு மூடியது. ஏற்கெனவே வாடிக் கிடக்கும் பவளத்திற்கு மனிதர்களால் வரும் தொல்லையாவது குறையட்டும் என்பதே நோக்கம். எதிர்வாதத்தின் பிற்பாதி இங்கேதான் விழுந்துவிடுகிறது. புக்கிட் காத்திலில் படிக்கும் ஒரு மாணவரால் கடலைக் குளிரவைக்க முடியாது. தம் கால் எங்கே படுகிறது என்பதைப் பார்த்துக்கொள்ள முடியும்.

தமிழர் வாழும் மற்றொரு கடற்கரையிலும் பவளம் அழிந்த கதை உண்டு. தமிழ்நாட்டின் மன்னார் வளைகுடாவில், தூத்துக்குடிப் பக்கத்தில், பவளத்தை வெட்டியெடுத்துச் சுண்ணாம்புக்கு விற்றார்கள். அது அவர்களுக்குப் பிழைப்பு. 2001இல் இந்திய அரசு பவளங்களை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்க் கொண்டுவந்து அதைத் தடைசெய்தது. வயிற்றுக்காக வெட்டியவர்களையே நிறுத்தச் சொன்ன உலகில், பொழுதுபோக்குக்காக இறங்குபவர்களிடம் கொஞ்சம் கட்டுப்பாட்டை எதிர்பார்ப்பது கடுமையாகாது.

சட்டம் இங்கும் இருக்கிறது. தியோமான் உள்ளிட்ட பல தீவுகளைச் சுற்றியுள்ள கடல் 1994 முதல் கடல் பூங்கா. அனுமதியின்றி அங்கே பவளத்தை எடுப்பது குற்றம். சட்டத்தையும் அறிவிப்புப் பலகையையும் மட்டும் நம்புவதுதான் தவறு. கரீபியன் கடலிலுள்ள செயின்ட் லூசியா தீவில் முக்குளிப்பவர்களைக் கவனித்து 2004இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. இறங்கும் முன் சொன்ன ஒருவரி எச்சரிக்கையால் பயன் விளையவில்லை. வழிகாட்டி நீருக்குள் உடனிருந்து, பவளத்தை நெருங்கியவரை அங்கேயே திருத்தியபோதுதான் மோதல்கள் வெகுவாகக் குறைந்தன. படம் எடுப்பவர்களே மற்றவர்களைவிட அதிகமாக மோதினார்கள் என்றும் அந்த ஆய்வு கண்டது. கைப்பேசியை உயர்த்திப் பிடித்தபடி நீந்துபவர்களைப் பார்த்தவர்களுக்கு இது வியப்பாக இராது.

ஆகவே, வழிகாட்டி படகிலேயே உட்கார்ந்திராமல் குழுவோடு நீரில் இறங்க வேண்டும். அவர் கண்ணில் படும் அளவுக்குக் குழு சிறியதாக இருக்க வேண்டும். அதற்கும் முன்பு, பவளமில்லாத மணல் திட்டில் அரைமணி நேரம் மிதந்து பழக வேண்டும்: குழாயில் புகுந்த நீரை ஊதித் தள்ளுவது, களைத்தால் மல்லாந்து கிடப்பது, துடுப்புக் காலணியால் அடிமணலைக் கிளப்பாமல் நீந்துவது. இவ்வளவுதான் பாடம். இதைக் கற்றவர் பதற மாட்டார். பதறாதவர் பவளத்தின் மேல் நிற்க மாட்டார். வெயிலுக்கு அஞ்சிப் பூசும் களிம்புகள் சிலவற்றிலும் பவளத்துக்குத் தீங்கானவை எனக் கருதப்படும் பொருள்கள் உண்டு. தாய்லாந்து 2021இல் தன் கடல் பூங்காக்களில் அவற்றைத் தடைசெய்தது. நீண்ட கைச்சட்டை அணிந்தால் அந்தக் களிம்பின் தேவையே குறைந்துவிடும்.

படகுக்காரர்கள் இதை எளிதில் ஏற்க மாட்டார்கள். அரைமணி நேரம் பயிற்சிக்குப் போனால் ஒரு நாளில் ஓடும் நடைகளில் ஒன்று குறையும், வருமானமும் குறையும். இந்தக் கவலை நியாயமானது. சபாவின் சிப்பாடான் தீவிலிருந்த தங்குவிடுதிகள் 2004இன் இறுதியில் அகற்றப்பட்டு, நாளொன்றுக்கு 120 பேர் என்று வரம்பு வைக்கப்பட்டபோதும் இப்படித்தான் அஞ்சினார்கள். வரம்பு பின்னர் சற்று உயர்த்தப்பட்டது. அத்தீவுக்கான அனுமதிச் சீட்டு கிடைக்காதா என்று உலகெங்குமிருந்து முக்குளிப்பவர்கள் இன்றும் காத்திருக்கிறார்கள். குறையும் நடைக்கான பணத்தைப் படகுக்காரர் தலையில் கட்டாமல், பயணிகளே ஆளுக்குச் சில ரிங்கிட் கூடுதலாகத் தரலாம். தீவுப் பயணத்துக்குப் பணம் சேர்க்கும் பள்ளிகள் அந்தத் தொகையைத் தொடக்கத்திலேயே கணக்கில் சேர்த்து, புறப்படும் மாதத்திற்கு முன்பே மாணவர்களை ஒரு நீச்சல் குளத்தில் இறக்கிவிடலாம்.