முடிவு சரி, சொன்ன காரணம் தப்பு

அமெரிக்கப் பெண்கள் கால்பந்து அணியின் ரசிகர்களோடு கொஞ்ச நாள் பழகினால் ஒரு விஷயம் புரிந்துவிடும். கோல்கீப்பர் யார், தடுப்பாட்டத்தில் யார் யார் என்பதெல்லாம் அவர்களுக்குள் பேச்சோடு முடிந்துவிடும். முன்வரிசையில் நடுவில் நின்று கோல் போட வேண்டிய ஸ்ட்ரைக்கர் யார் என்று வந்துவிட்டால் மட்டும் வீடு இரண்டாகிவிடும். என் மகள் வீட்டிலேயே இரண்டு கட்சி. மாப்பிள்ளை ஒரு பக்கம், பள்ளிக்கூட அணியில் ஆடும் பேத்தி மறுபக்கம். "தாத்தா, நீங்க எந்தப் பக்கம்?" என்று பேத்தி அடிக்கடி கேட்கிறாள். இரண்டு வரியில் சொல்லக்கூடிய பதில் இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

சண்டைக்கு மூலம் அலெக்ஸ் மார்கன். நாட்டுக்காக 224 ஆட்டங்கள், 123 கோல்கள். 2015, 2019 என்று அடுத்தடுத்து இரண்டு உலகக் கோப்பைகளை வென்ற அணிகளில் இருந்தவர். 2024 ஜூன் மாதக் கடைசியில், பாரிஸ் ஒலிம்பிக்குக்கான 18 பேர் பட்டியலைப் புதிய பயிற்சியாளர் எம்மா ஹேய்ஸ் வெளியிட்டார். அதில் மார்கன் பெயர் இல்லை. அவருக்கு 35 வயது நிறைய ஒரு வாரம்தான் இருந்தது.

ஒரு கூட்டம், "இதை எப்போதோ செய்திருக்க வேண்டும். 2023-லேயே அவர் கதை முடிந்துவிட்டது. பெயருக்காகவும் விளம்பரத்துக்காகவும் ஓட்டிக்கொண்டிருந்தார்கள்" என்றது. மறு கூட்டம், "இத்தனை செய்தவருக்கு இதுதான் மரியாதையா?" என்று கொதித்தது. என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். அவரை விட்டது சரி. ஆனால் அது சரி என்று சொன்னவர்களில் முக்கால்வாசிப் பேர் கொடுத்த காரணம் தப்பு. முடிவு சரியாக இருக்கும்போது காரணம் எப்படி இருந்தால் என்ன என்று கேட்பீர்கள். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் குற்றப்பத்திரிகையைப் பார்ப்போம். 2023 உலகக் கோப்பையில் மார்கன் ஒரு கோல்கூடப் போடவில்லை. வியட்நாமுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் அவர் அடித்த பெனால்டியை அந்த நாட்டு கோல்கீப்பர் தடுத்துவிட்டார். அணி மொத்தமாக நாலு ஆட்டத்தில் நாலே கோல். அதில் மூன்று வியட்நாமுக்கு எதிராக. நெதர்லாந்தோடு 1-1, போர்ச்சுகலோடு 0-0. பிறகு ஸ்வீடனோடு 0-0 என்று இழுத்து, பெனால்டி ஷூட் அவுட்டில் 5-4 என்று தோற்று வீட்டுக்கு வந்தார்கள். அதற்கு முன் எந்த உலகக் கோப்பையிலும் மூன்றாம் இடத்துக்குக் கீழே இறங்காத அணி, முதல் முறையாக நாக் அவுட்டின் முதல் சுற்றிலேயே வெளியேறியது. யார்மேலாவது பழி போட்டாக வேண்டும். நடுவில் நின்றவர் மார்கன். போட்டுவிட்டார்கள்.

இனி 2015-க்குப் போவோம். அந்த உலகக் கோப்பையில் மார்கன் போட்டது மொத்தமே ஒரு கோல், கொலம்பியாவுக்கு எதிராக. அதே ஆட்டத்தில், அந்நாளில் அணியின் பெருந்தலையான ஏபி வாம்பாக் ஒரு பெனால்டியை வெளியே அடித்தார். இன்று இதை யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? மார்கனை அப்போது யாராவது 'தண்டம்' என்றார்களா? இறுதி ஆட்டத்தில் கார்லி லாய்ட் 16 நிமிடத்துக்குள் மூன்று கோல் போட்டார், கோப்பை வந்தது, கணக்குப் புத்தகத்தை மூடிவிட்டார்கள். ஒரு தொடரில் ஒரு கோல், இன்னொரு தொடரில் சைபர். ஒன்றுக்கும் சைபருக்கும் இடையில் உள்ள தூரம் அவ்வளவு பெரிதா? கோப்பை கையில் இருந்ததா இல்லையா என்பதுதான் நிஜமான வித்தியாசம். அந்தக் கோப்பையை ஒரு ஸ்ட்ரைக்கர் தனியாகக் கொண்டுவருவதும் இல்லை, தனியாகத் தொலைப்பதும் இல்லை.

2019-ஐயும் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். அந்தத் தொடரில் மார்கனுக்கு 6 கோல் என்று புள்ளிவிவரம் சொல்லும். அதில் ஐந்து, தாய்லாந்தை 13-0 என்று நசுக்கிய ஒரே ஆட்டத்தில் வந்தவை. மிச்சம் ஒன்று, அரையிறுதியில் இங்கிலாந்துக்கு எதிராக. வெறும் கோல் கணக்கு என்றால், இடையில் இருந்த ஆட்டங்களில் அவர் என்ன செய்தார் என்ற கேள்வி வரும். செய்தார். இறுதி ஆட்டத்தில் நெதர்லாந்தின் தடுப்பாட்டக்காரர் காலை உயரத் தூக்கி மார்கன்மேல் பதித்தார். அதற்குக் கிடைத்த பெனால்டியைத்தான் மேகன் ராப்பினோ கோல் ஆக்கினார். கணக்கில் கோல் ராப்பினோவுக்கு. அந்த இடத்தில் போய் நின்று அடி வாங்கியவருக்கு ஒரு வரியும் இல்லை.

ஸ்ட்ரைக்கரின் வேலையில் பாதி இப்படித்தான், கணக்கில் ஏறாது. அடுத்த முறை ஆட்டம் பார்க்கும்போது, பத்து நிமிடம் பந்தை விட்டுவிட்டு அவரை மட்டும் பாருங்கள். எதிரணியின் இரண்டு பேரைத் தன்னோடு இழுத்துக்கொண்டு ஓரமாகப் போவார். அந்தக் காலி இடத்தில் இன்னொருவர் புகுவார். முதுகைக் காட்டி நின்று பந்தை வாங்கி, ஒரே தட்டில் திருப்பிவிடுவார். 2023-ல் வியட்நாமுக்கு எதிராக சோஃபியா ஸ்மித் போட்ட முதல் கோலுக்குப் பந்தைத் தட்டிவிட்டது மார்கன்தான். அந்தத் தொடரில் அவரிடம் பயிற்சியாளர் கேட்ட வேலையும் பெரும்பாலும் அதுதான்: நடுவில் நின்று பந்தைப் பிடித்து, இரண்டு பக்கமும் ஓடும் சிறுசுகளுக்குக் கொடுப்பது. ஆனால் அந்தப் பந்து அவருக்கு வர வேண்டுமே! நடுக்களத்தில் வழி திறக்கக்கூடிய ரோஸ் லவெல் காயத்திலிருந்து மீண்டு பாதி நேரம் ஆடினார். ஸ்வீடன் ஆட்டத்தில் மஞ்சள் அட்டைகளால் தடை. அப்படியும் அந்த ஆட்டத்தில் ஸ்வீடன் கோல்கீப்பர் முஷோவிச் 11 பந்துகளைத் தடுத்தார். கடைசி நேரத்தில் மார்கன் தலையால் முட்டிய பந்தும் அதில் ஒன்று. அது உள்ளே போயிருந்தால் மறுநாள் இதே ரசிகர்கள் "அனுபவம்னா அனுபவம்தான்" என்று எழுதியிருப்பார்கள்.

"சரி, பாரிஸில் என்ன நடந்தது? மார்கன் இல்லாமல் தங்கம் வாங்கினார்களே" என்பார்கள். வாங்கினார்கள். ட்ரினிட்டி ராட்மன், சோஃபியா ஸ்மித், மல்லரி ஸ்வான்சன் மூவரும் சேர்ந்து, அணி போட்ட 12 கோல்களில் 10 கோல்களைப் போட்டார்கள். இறுதி ஆட்டத்தில் பிரேசிலுக்கு எதிரான ஒரே கோல் ஸ்வான்சனுடையது. நான் ரசித்துப் பார்த்த தொடர் அது.

ஆனால் கவனியுங்கள். அந்த மூவரில் ஸ்மித்தும் ராட்மனும் 2023 அணியிலும் இருந்தவர்கள்தானே? ஸ்மித் வியட்நாமுக்கு எதிராக இரண்டு கோல் போட்டதோடு சரி. ராட்மனுக்கு ஒன்றும் இல்லை. ஸ்வீடனுக்கு எதிரான ஷூட் அவுட்டில், போட்டால் ஜெயம் என்ற பந்தை வெளியே அடித்தவர் ஸ்மித். அந்த ஒரு உதையை வைத்து அவரை ஒதுக்கியிருந்தால், அடுத்த வருஷம் ஒலிம்பிக் அரையிறுதியில் ஜெர்மனிக்கு எதிராகக் கூடுதல் நேரத்தில் ஜெயிக்கவைத்த கோல் வந்திருக்குமா? ஆக, மாறியது மார்கன் மட்டும் இல்லை. முழங்கால் காயத்தால் 2023-ஐ இழந்த ஸ்வான்சன் திரும்பி வந்தார். பயிற்சியாளர் மாறினார். பின்னாலிருந்து பந்து வரும் விதம் மாறியது. நாலு விஷயம் ஒன்றாக மாறிய பிறகு, ஒரு ஆளைக் கழற்றியதால்தான் வண்டி ஓடியது என்று சொல்வது மெக்கானிக் பேச்சு அல்ல, டீக்கடைப் பேச்சு.

அப்படியானால் அவரை விட்டது சரி என்று நான் ஏன் சொல்கிறேன்? ஒலிம்பிக்கின் அளவு அப்படி. உலகக் கோப்பைக்கு 23 பேர் போகலாம். ஒலிம்பிக்குக்கு 18. இரண்டு கோல்கீப்பர்களைக் கழித்தால் மிச்சம் 16 பேர். அந்த 16 பேரை வைத்து ஜூலை 25 முதல் ஆகஸ்ட் 10 வரை, 17 நாளில் ஆறு ஆட்டம். அதில் இரண்டு கூடுதல் நேரம் வரை போயின. அந்தச் சின்னப் பட்டியலில் ஒவ்வொருவரும் இரண்டு மூன்று இடங்களில் ஆடத் தெரிந்தவராகவும், மூன்றாம் நாள் மறுபடி ஓடக்கூடியவராகவும் இருக்க வேண்டும். மார்கன் நடுவில் மட்டுமே ஆடுபவர். அந்த வருஷம் கணுக்கால் காயம் வேறு. அந்தக் கணக்கில் அவர் பெயர் விழாமல் போனது நியாயம். ஹேய்ஸும் பட்டியலின் அளவைப் பற்றித்தான் பேசினார். மார்கனைக் குறைத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"மரியாதை" கட்சிக்காரர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அவர்கள் பக்கத்தில் ஒரு பலமான வாதம் இருக்கிறது. 2022 ஜூலையில் வட, மத்திய அமெரிக்க மண்டலத்தின் இறுதி ஆட்டத்தில் கனடாவை 1-0 என்று ஜெயித்துத்தான் அமெரிக்கா பாரிஸ் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றது. அந்த ஒரு கோல், மார்கன் அடித்த பெனால்டி. அணிக்குப் பாரிஸுக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்தவரே வண்டியில் ஏறவில்லை. கேட்கும்போது மனசு சங்கடப்படத்தான் செய்கிறது. இருந்தாலும், செய்த வேலைக்கு நன்றியாக அடுத்த வேலையைக் கொடுக்க முடியாது. பென்ஷன் வாங்குகிற நான் சொல்கிறேன்: பென்ஷன் வேறு, நாற்காலி வேறு. முதலாவது உரிமை. இரண்டாவது, அந்த நாளின் தேவை.

இனி, காரணம் ஏன் முக்கியம் என்ற கேள்வி.

நான் வேலை பார்த்த அலுவலகத்தில் கம்ப்யூட்டர் வந்தபோது, ஒரு மூத்த சூப்பரின்டெண்டெண்டை வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். மாற்றியது சரி. புதிய முறைக்கு வேறு பழக்கம் தேவைப்பட்டது. ஆனால் இளவட்டங்கள் அதை "பெரிசுக்கு ஒண்ணும் தெரியாது" என்று சொல்லிச் சொல்லியே நிலைநாட்டிவிட்டார்கள். விளைவு, அடுத்து ஐம்பது தாண்டிய எவரையும் எந்தப் புதிய வேலைக்கும் யாரும் கூப்பிடவில்லை, கம்ப்யூட்டரை ஆர்வமாகக் கற்றுக்கொண்டவர்கள் உட்பட. ஒரு ஆளுக்காகச் சொன்ன தப்பான காரணம் அந்த ஆளோடு போகவில்லை. அலுவலகத்திலேயே தங்கிவிட்டது.

இந்த அணியிலும் அது நடக்கக்கூடும். ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிய மூவரில் ஸ்மித்தும் ஸ்வான்சனும் 2025-ல் தாய்மைக்காக விலகினார்கள். ஸ்மித் இப்போது கல்யாணமாகி சோஃபியா வில்சன். மூன்றாமவரான ராட்மனுக்கு முதுகுத் தொல்லை. இடைவெளியில் கேட்டரினா மக்காரியோவும் இன்னும் சில இளையவர்களும் வந்து கோல் போடத் தொடங்க, சண்டை மறுபடி ஆரம்பம்: யாருக்கு அந்த நடு இடம்? குழந்தை பெற்றுத் திரும்பும் ஒருவர் நாலு ஆட்டத்தில் கோல் போடாவிட்டால், "இவர் கதையும் முடிந்தது, மார்கன் மாதிரி" என்று சொல்ல ஆள் ரெடியாக இருக்கும்.

அப்படிச் சொல்பவர்களுக்கு மார்கனின் கதையே பதில். அவர் மகள் பிறந்தது 2020 மே. 2022 தொடக்கத்தில் அவரைத் தேசிய அணியில் சேர்க்கவில்லை. அன்றும் 'முடிந்தது' என்றார்கள். அந்த வருஷமே உள்நாட்டு லீகில் 15 கோல் போட்டு அதிக கோல்களுக்கான தங்கக் காலணியை வாங்கினார். நான் மேலே சொன்ன கனடா பெனால்டியும் அதே வருஷம்தான். தாயான பிறகு, 33 வயதில்.

2024 செப்டம்பரில் அவர் ஓய்வை அறிவித்தார், இரண்டாவது குழந்தையை எதிர்பார்க்கும் செய்தியோடு. கடைசி ஆட்டத்தில் சில நிமிடங்களே ஆடினார். அதிலும் ஒரு பெனால்டி தடுக்கப்பட்டது. கோல் கணக்கை மட்டும் பார்ப்பவர்களுக்கு அதுவும் ஒரு சைபர்.

2027-ல் பிரேசிலில் உலகக் கோப்பை. பட்டியல் வரும் நாளில் யாரோ ஒருவர் பெயர் விட்டுப்போயிருக்கும், நம் வீட்டிலும் கட்சி பிரியும். பிரியட்டும், அதுதானே ருசி. விட்டதை ஆதரிக்கிறவர்கள், எத்தனை பேர் போகலாம், எத்தனை நாளில் எத்தனை ஆட்டம், அவருக்குப் பந்து கொடுப்பது யார், அவரிடம் கேட்கப்போகும் வேலை என்ன என்பதைச் சொல்லி ஆதரியுங்கள். அதைச் சொல்ல முடிந்தால் நான் உங்கள் கட்சி. "வயசாயிடுச்சு, பிள்ளை பெத்தாச்சு, முடிஞ்சுபோச்சு" என்றால், மாப்பிள்ளையே ஆனாலும் நான் எதிர்க்கட்சிதான்.