மாசிப்பத்திரியா, பார்த்தீனியமா?

விநாயக சதுர்த்தியன்று ஆனைமுகனுக்குச் சாத்தும் 21 பத்திரங்களுள் மாசிப்பத்திரியும் ஒன்று. அதனைப் பறிக்கச் செல்வோர், பிளவுபட்ட இலையைக் கண்டு மயங்கிப் பார்த்தீனியத்தைக் கொய்துவிடலாகாது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து, 1950-களில் புனேயில் கண்டறியப்பட்ட இக்களை, இன்று சாலையோரமெங்கும் மண்டிக் கிடக்கிறது.

மாசிப்பத்திரி இலையின் அடிப்புறம் திருநீறு படிந்தாற்போல் வெளுத்திருக்கும். பார்த்தீனிய இலையோ இருபுறமும் பச்சை. அதன் தண்டில் நீளவாட்டில் வரிகள் ஓடும். கிளை நுனிகளில் மிளகளவான வெண்பூக்கள், ஐந்து மூலைகளுடன் கொத்துக் கொத்தாக மலரும். மணம் அறியக் கசக்கி முகர்தல் கூடாது. தோல் அரிப்பும் மூச்சிரைப்பும் உண்டாகலாம்.

ஐயம் எழுந்தால் பறிக்காது விடுதலே நன்று. கிடைக்காத பத்திரத்திற்கு ஈடாக அறுகம்புல்லோ அட்சதையோ சாத்துவது வழக்கம். அன்புடன் இடும் ஓர் அறுகும் ஐங்கரனுக்கு உகந்ததே.